“டிஜிட்டல்தானே, அனுப்பிவிட வேண்டியதுதானே?”

ஒரு நூலகம் கேட்ட புத்தகத்தை இன்னொரு நூலகம் தர முடியாமல் போனால் கணினித் திரையில் ஒரு பெட்டி திறக்கும். ஏன் தரவில்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அது மூடும். ‘இரவலில் உள்ளது.’ ‘அடுக்கில் இல்லை.’ ‘பைண்டிங்குக்குப் போயிருக்கிறது.’ ‘தொலைந்துவிட்டது.’ வரிசையின் அடியில் இன்னொன்றும் உண்டு: ‘உரிமம் அனுமதிக்கவில்லை.’ சிங்கப்பூரில் ஒரு கல்வி நிறுவன நூலகத்தில், எங்களிடம் இல்லாததை வெளியிலிருந்து தருவித்துக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கடைசி வரி இருப்பதையே யாரும் கவனித்ததில்லை. இப்போது கை தானாக அங்கேதான் போகிறது.

மற்ற காரணங்களைச் சொன்னால் வாசகருக்குப் புரிந்துவிடும். புத்தகம் இன்னொருவர் கையில் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும், தொலைந்தது தொலைந்ததுதான். இந்தக் கடைசிக் காரணத்தை விளக்குவதுதான் பெரும்பாடு. புத்தகம் இருக்கிறது, யாரும் எடுத்துப் போகவில்லை, இரண்டு விநாடியில் அனுப்பிவிடவும் முடியும். ஆனால் அனுப்பக் கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களிடம் வெளி உறுப்பினராக இருக்கிறார். மலாயாத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பல வருடமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பவர். ஒரு பிரிட்டிஷ் பதிப்பகத்தின் ஆய்வு நூல் அவருக்குத் தேவைப்பட்டது. தேடிப் பார்த்ததில் இங்கே வேறொரு நிறுவனத்தில் இருந்தது, மின்னூலாக மட்டும். தர முடியாது என்று பதில் வந்ததை அவரிடம் சொன்னேன்.

“ஏம்பா, டிஜிட்டல்தானே, அனுப்பிவிட வேண்டியதுதானே? பார்சல் கட்டி ஸ்டாம்பு ஒட்டுற காலமா இது?”

“பார்சல் கட்டுற புத்தகமா இருந்தா நாளைக்கே வாங்கிக் கொடுத்திருப்பேன் சார். டிஜிட்டலா இருக்கிறதாலதான் முடியல.”

கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கவுன்ட்டரில் நின்றுகொண்டே இதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது. இங்கே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அச்சுப் புத்தகத்தில் நூலகத்துக்கு இருந்த வலுவெல்லாம் ஓர் எளிய கொள்கையிலிருந்து வந்தது. விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்கு இருந்த பிடி போய்விடும். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள், இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்க யாருக்கும் உரிமை இல்லை, விற்றால் பதிப்புரிமை மீறல் என்ற பொருளில் அறிவிப்பு அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை அதைச் சட்டை செய்யாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. கடை ஜெயித்தது. முதல் விற்பனையோடு உங்கள் அதிகாரம் முடிந்தது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. புத்தகத்தை வாங்கியவர் மறுபடி விற்கலாம், இரவல் தரலாம், நண்பனிடம் கொடுத்துத் திரும்ப வராமல் ஏமாறலாம். நூலகங்கள் யாரிடமும் கேட்காமல் இரவல் தந்துகொண்டிருப்பது இந்தத் தரையில் நின்றுதான்.

நூறு வருடம் கழித்துப் பதிப்பகங்கள் அதே அறிவிப்பை வேறோர் இடத்தில் எழுதின. இப்போது நாவலின் உள்பக்கத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. விற்பனை என்று ஒன்று நடந்தால்தானே முதல் விற்பனை, இரண்டாம் விற்பனை என்ற பேச்செல்லாம்? மின்னூலை யாரும் விற்பதில்லை, உரிமம் கொடுக்கிறார்கள். ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டை மறுவிற்பனை செய்ய ரீடிஜி என்ற நிறுவனம் முயன்றபோது, கோப்பை இன்னொரு கணினிக்கு மாற்றுவதே புதிய படி எடுப்பதுதான், பழைய கொள்கை இதற்குப் பொருந்தாது என்று 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்கில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் அந்த அறையை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியாது அல்லவா? மின்னூல் விஷயத்தில் நூலகத்தின் நிலை அதுதான். வாடகை மட்டும் வீட்டு விலையைவிட அதிகம்.

ஆய்விதழ்களில் நிலைமை கொஞ்சம் தேவலை. ஒரு கட்டுரையைப் படியெடுத்து இன்னொரு நூலகத்துக்குத் தருவது பல நாட்டுச் சட்டங்களில் நெடுநாளாக ஏற்கப்பட்ட வழக்கம். எனவே இதழ்ச் சந்தா ஒப்பந்தங்களில் பெரும்பாலும் நூலகங்களுக்கிடையிலான இரவலுக்கு ஒரு பிரிவு இருக்கும். அந்தப் பிரிவை முழுதாகப் படித்தால்தான் வேடிக்கை தெரியும்.

பழைய ஒப்பந்தங்களில் அடிக்கடி வரும் நிபந்தனை இது: கட்டுரையை அச்சிட்டு, அந்த அச்சுப்படியை அஞ்சலிலோ தொலைநகலிலோ ‘பாதுகாப்பான மின்வழியிலோ’ அனுப்பலாம், மூலக் கோப்பை அனுப்பக் கூடாது. கட்டுரை என் திரையில் பளிச்சென்று பிடிஎஃபாகத் திறந்திருக்கும். அதை அச்சிடுவேன். அச்சிட்டதை எடுத்துப்போய் ஸ்கேனரில் வைப்பேன். புகைப்படங்கள் கரியாகிப் போகும். அட்டவணையின் பொடி எழுத்தில் மூன்றும் எட்டும் ஒன்றுபோல் தெரியும். சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது இப்போது வெறும் படம். இந்தக் கெட்டுப்போன படிதான் இன்னொரு ஊருக்குப் போகும். காகிதம் மறுசுழற்சிக் கூடைக்குப் போகும். நல்ல பிரதியை வைத்துக்கொண்டு மட்டமான பிரதி தயாரிப்பது எங்கள் பிரிவின் அன்றாட வேலையாக இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை: அசல் கோப்பு கைமாறினால் அது எங்கெங்கு போகும் என்று பதிப்பாளருக்குப் பயம். இப்போது பல பதிப்பகங்கள் இறங்கிவந்து, நேரடியாகக் கோப்பையே அனுப்ப ஒப்புக்கொள்கின்றன. இதற்கென்று உள்ள பாதுகாப்பான வழிகளில் கோப்பு கொஞ்ச காலம்தான் இருக்கும். நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சியின் சேவையில் அனுப்பும் இணைப்பு 30 நாளில், அல்லது ஐந்து முறை திறந்ததும், காலாவதியாகிவிடும்.

இன்னொரு விசித்திரம். இந்த ஒப்பந்தங்கள் பலவும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அவற்றில், இரவல் கொடுக்கும்போது நூலகங்கள் படியெடுப்பதைப் பற்றிய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவையும் அதையொட்டி 1970களில் வகுத்த வழிகாட்டுதலையும் பின்பற்ற வேண்டும் என்று ஒரு வரி வந்துவிடும். அந்த வழிகாட்டுதல்படி, ஓர் இதழின் கடந்த ஐந்து ஆண்டு வெளியீடுகளிலிருந்து ஒரு நூலகம் ஆண்டுக்கு ஐந்து கட்டுரைகள்தான் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவிலேயே அது சட்டம் இல்லை, வழிகாட்டுதல்தான். ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் நான் அதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நாடாளுமன்றம் எழுதாத விதியைச் சந்தா விற்கும் நிறுவனம் எழுதிவிடுகிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டிஷ் நூலகம் நல்ல உதாரணம். யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்ற ஊரில் இருக்கும் அதன் ஆவண வழங்கல் மையம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு காலத்தில் அட்சய பாத்திரம் (இந்த உவமையை எங்கள் பழைய மேலாளர் ஒருவர் ஆங்கிலக் கூட்டங்களிலும் விடாமல் சொல்வார்). உலகில் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் கட்டுரை வரும். 2012இல் வெளிநாட்டு நூலகங்களுக்கான சேவையைப் பதிப்பகங்களின் உரிமத்தின் கீழ் மாற்றினார்கள். ஒப்புக்கொண்ட பதிப்பகங்களின் இதழ்கள் மட்டும் பட்டியலில் தங்கின. பட்டியல் சுருங்கியது. நிறைவேறிய கோரிக்கைகள் பல ஆயிரங்களிலிருந்து நாலே வருடத்தில் சில நூறுகளுக்கு இறங்கின. 2016இல் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். யாரும் தடை போடவில்லை. சட்டம் கொடுத்த இடத்தில் ஒப்பந்தம் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

முழு மின்னூலை நூலகத்துக்கு நூலகம் இரவல் தருவது இன்னும் குதிரைக்கொம்பு. 2014இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகமும் ஹவாய்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஆக்கம்ஸ் ரீடர் என்ற மென்பொருளை, ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் ஒப்புதலோடு சில நூலகங்களில் சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை நான் பார்க்கும் மின்னூல் ஒப்பந்தங்களில் ‘முழு நூல் இரவல் கூடாது’ என்ற வரி அச்சு மாறாமல் வருகிறது. மிஞ்சிப்போனால் ஓர் அத்தியாயம்.

பொது நூலகம் பக்கம் வந்தால் வாசகர்களுக்கு நேரடியாகச் சுடும். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி செயலியில் இரவல் எடுப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ‘பல வாரம் காத்திருக்க வேண்டும்’ என்று செயலி சொல்லும்போது எரிச்சல் வரும். கோப்புக்கு எதற்கு வரிசை? ஒரு உரிமம், ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்பதுதான் பெரிய பதிப்பகங்களின் வழக்கமான நிபந்தனை. அதோடு முடியவில்லை. ஹார்ப்பர்காலின்ஸ் 2011இல் ஒரு வரம்பு கொண்டுவந்தது: 26 முறை இரவல் போனதும் மின்னூல் நூலகத்திலிருந்து மறைந்துவிடும், வேண்டுமானால் மறுபடி காசு கட்டு. அச்சுப் புத்தகம் அத்தனை தடவை போய்வந்தால் கிழிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். தோ பாயோ நூலகத்தில் நைந்த அட்டையோடு பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் தமிழ் நாவல்களை அவர்கள் பார்த்ததில்லை போலும். பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 2018இல் நிரந்தர உரிமத்தை நிறுத்திவிட்டு இரண்டு வருட உரிமத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் மேக்மில்லன் ஒரு படி மேலே போனது. புதிய நூல் வெளிவந்த முதல் எட்டு வாரம், எத்தனை பெரிய நூலக அமைப்பாக இருந்தாலும், ஒரே ஒரு மின்பிரதிதான் என்றது. லட்சக்கணக்கான உறுப்பினர்களுக்கு ஒரு பிரதி! எட்டு வாரம் கழித்து வாங்கினால் இரண்டு வருடத்துக்கு 60 டாலர். அமெரிக்க நூலகங்கள் பல மேக்மில்லன் மின்னூல்களைப் புறக்கணித்தன. கொவிட் வந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்ட 2020 மார்ச்சில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அரசு தலையிட்டால் என்ன? மேரிலாந்து மாநிலம் செய்து பார்த்தது. பொதுமக்களுக்கு விற்கும் மின்னூலை நூலகங்களுக்கும் நியாயமான நிபந்தனையில் தர வேண்டும் என்று 2021இல் சட்டம் இயற்றியது. பதிப்பாளர் சங்கம் வழக்குப் போட்டது. பதிப்புரிமை மத்தியச் சட்டத்தின் எல்லை, மாநிலம் அதில் கை வைக்க முடியாது என்று 2022இல் அது செல்லாமல் போனது.

பதிப்பாளர்களை வில்லனாகவே பார்க்கவும் எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலிருந்தபடி இலவசமாக, ஒரு சொடுக்கில் இரவல் கிடைத்தால் வாங்குபவர் குறைவார் என்ற பயம் பொய்யில்லை. நூல்களை மின்னாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் அமெரிக்க அமைப்பான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020இல் செய்ததை நினைத்துப் பாருங்கள். வைத்திருக்கும் அச்சுப்பிரதிக்கு ஒரு மின்பிரதி வீதம் இரவல் தந்துகொண்டிருந்தவர்கள், கொவிட் அவசரத்தில் அந்த வரம்பைத் தளர்த்தி, எத்தனை பேரும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். நல்லெண்ணம்தான். நாலு பெரிய பதிப்பகங்கள் 127 நூல்களைக் காட்டி வழக்குப் போட்டன. 2023இலும் மேல்முறையீட்டில் 2024இலும் ஆர்க்கைவ் தோற்றது. நீதிமன்றம் அந்த அவசரத் திறப்போடு நிறுத்தாமல், பிரதிக்குப் பிரதி இரவலும் உரிமையாளரைக் கேட்காமல் செய்யச் சட்டம் விடும் ‘நியாயப் பயன்பாடு’ ஆகாது என்று சேர்த்தே சொல்லிவிட்டது. வரம்பைத் தொடாமல் இருந்திருந்தால் வழக்கே வராமல் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். எங்கள் தொழிலில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஐரோப்பா வேறு வழியில் யோசித்தது. நெதர்லாந்து நூலகங்கள் தொடுத்த வழக்கில், ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத் தருவதாக இருந்தால் மின்னூல் இரவலும் அச்சு இரவலைப் போலத்தான், எழுத்தாளருக்கு உரிய தொகை கொடுத்துவிட்டால் போதும் என்ற போக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. எழுத்தாளருக்குக் காசு, வாசகருக்கு நூல். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

சரி, நம் ஊர். சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்தது. செய்தித்தாள்களில் அதிகம் பேசப்பட்டது தரவுப் பகுப்பாய்வுக்கான அனுமதி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அரும்பொருளகங்களுக்குச் சட்டம் தரும் அனுமதிகளை ஒப்பந்தத்தின் மூலம் பறிக்க முடியாது. பறிக்கும் வரி செல்லாது. பாஸ்டன் ஸ்பாவில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க இது ஓர் அணை. ஆனால் அணை காப்பது சட்டம் ஏற்கெனவே கொடுத்த தண்ணீரைத்தான். முழு மின்னூலை இன்னொரு நூலகத்துக்கு இரவல் தருவது அந்த அனுமதிகளில் இல்லை. ஆகவே ஆசிரியர் சாருக்கு அந்தச் சட்டம் உதவவில்லை.

அவருக்குப் பார்வை இல்லாமல் இருந்திருந்தால் கதையே வேறு. பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கையில் இந்தியா 2014இலும் சிங்கப்பூர் 2015இலும் சேர்ந்தன; 2016 செப்டம்பரில் அது நடப்புக்கு வந்தது. பார்வைக் குறையுள்ளவர் படிக்கக்கூடிய வடிவில் ஒரு நூலைச் சென்னையில் தயாரித்தால், அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாக அந்தக் கோப்பை இங்கே அனுப்பலாம், உரிமையாளரிடம் தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. கோப்பு எல்லை தாண்டினால் பதிப்புலகம் அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சாருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஓர் அத்தியாயம். அதைத் தர அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. முழு நூல் என்று கேட்டதால்தான் மறுப்பு வந்தது. அத்தியாயத் தலைப்போடு மறுபடி அனுப்பினேன், வந்துவிட்டது. மீதியைப் படிக்க அந்த நூலகத்துக்கே நேரில் போய் அவர்கள் கணினியில் உட்காரலாம் என்று வழி சொன்னேன். நேரில் வருபவர்களை அனுமதிக்கும் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். எம்ஆர்டியில் போய், பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். “டிஜிட்டல் புக்கைக் கையால எழுதி எடுத்துட்டு வர்றேம்பா” என்று சிரித்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆங்கிலப் பதிப்புலகம். நம் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில், சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டு இலக்கிய நூல்களை மின்னாக்கம் செய்து தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் ஏற்றினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள். தொண்டூழியர்கள் எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டு வாங்கிச் செய்த வேலை. மறைந்தவர்களின் நூலென்றால் உரிமை குடும்பத்திடம் இருக்கும், அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்கும் ‘நூலகம்’ என்ற திட்டமும் 2005 முதல் எழுத்தாளர், பதிப்பாளர் அனுமதியை நம்பித்தான் நடக்கிறது. தமிழில் எழுத்தாளர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். கொடுக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பேராசை இல்லை, என்னத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பது தெரியாததுதான்.

2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழை ஏற்றபோது நம்மவர்கள் நிறையப் பேர் சொந்தமாக மின்னூல் போட்டார்கள். படித்த பக்கத்துக்குக் காசு தரும் சந்தாத் திட்டத்தில் நூலைச் சேர்க்க ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். அன்றைய விதிப்படி, டிக் செய்தால் 90 நாளுக்கு அந்த மின்வடிவை வேறெங்கும் தரக் கூடாது. முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த ‘வேறெங்கும்’ என்பதில் நூலகமும் அடக்கம். ‘நம்ம லைப்ரரில என் புக்கு ஏன் லிபில இல்ல?’ என்று வருத்தப்பட்ட எழுத்தாளர் சிலரிடம், அந்த டிக்கை எடுத்தீர்களா என்று கேட்டால் விழிப்பார்கள். மேக்மில்லனைத் திட்டுவதற்கு முன் நாம் கொஞ்சம் நம் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்கலாம்.

உட்லண்ட்ஸில் இருக்கும் தோழி ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு சென்னையில் வரப்போகிறது. ஒப்பந்தத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டு பக்கம். மின்னூல் உரிமை ‘அனைத்தும்’ பதிப்பகத்துக்கு. நூலகம் என்ற சொல்லே இல்லை. ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: பொது நூலகங்களுக்கும் கல்வி நிறுவன நூலகங்களுக்கும் மின்னூலைத் தர வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர், கால வரம்பு கிடையாது, நூலகங்களுக்கிடையே இரவல் தரலாம். பதிப்பாளர் மறுக்கவில்லை. “இதையெல்லாம் யார்க்கா கேக்கப் போறா?” என்று மட்டும் சொன்னாராம். வரி ஏறிவிட்டது. நூலகத்துக்கு என்ன விலை வைப்பது என்று இப்போது தோழி வழியாக என்னைக் கேட்கிறார். அச்சு விலையைப்போல் இரண்டு மடங்கு, அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.